பச்சை பூசிய வார்டு

தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்பில் பென்சில் ஓவியத்துக்கு முதல் பரிசு. வண்ண ஓவிய வகுப்பில் ஆசிரியர் அவனை வெளியே நிறுத்தியதும் அதே வருடம்தான். பள்ளிக் கடைசிப் பரீட்சையில், அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எழுதிய கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதன் பிறகு படவரைவுப் படிப்பு, வகுப்பிலேயே இரண்டாவதாக. பிறகு நகராட்சியின் புள்ளிவிவரப் பிரிவில் வரைபடம் போடுகிற தற்காலிக வேலை, சிபாரிசு செய்ய ஒரு நாதியும் இல்லாமல். இரண்டு முறை கை நழுவிப் போய், மூன்றாவது முறை கிடைத்த நிரந்தரம். இன்று அந்தப் பிரிவிலிருந்து எந்த வரைபடம் வெளியே போனாலும் அவன் கண்ணில் படாமல் போவதில்லை.

இத்தனையையும் அவன் ஜெயித்தது சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு.

அது முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மரம் வரையச் சொன்னால் இலைக்குச் சிவப்பு அடித்துவிட்டு வந்து நிற்பான். குறும்பு என்று நினைத்து அம்மா இரண்டு போட்டாள். அக்காவுக்கு மட்டும் சந்தேகம். அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் சேர்ந்திருந்த நேரம். இரண்டு நூல்கண்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து அவன் முன்னால் வைத்து, "இதுல எதுடா பச்சை?" என்று கேட்டாள். அவன் நூல்கண்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். எதைத் தொடும்போது அக்கா முகம் மாறுகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் அவன் அதுவரை பழகியிருக்கிறான். அன்றைக்கே அவனுடைய கலர் பென்சில்களில் நூல் கட்டினாள். சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று. மறுபடி அவன் இலைக்குச் சிவப்பு அடிக்கவில்லை.

அப்பா டவுன் பஸ் ஓட்டியவர். அவர் போன பிறகு அந்த வேலையை மகனுக்குத் தருவதாகச் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கூட அக்கா போனாள். புள்ளி புள்ளியாய் ஒரு வட்டத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். அடுத்த வட்டம். அதற்கடுத்த வட்டம். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி கேட்டான். "அக்கா, அந்த வட்டத்துல நிஜமாவே நம்பர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அப்பாவின் வேலை அவனுக்கு வரவில்லை. சித்தப்பா மகன்கள் அவனுக்கு 'கறுப்பு வெள்ளை' என்று பெயர் வைத்தார்கள். "டேய் கறுப்பு வெள்ளை, உனக்கு மட்டும் பழைய டிவியா?" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் நகராட்சி வேலை கிடைத்ததும் அக்காவிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினான். ஆபீஸில் யாருக்கும் இது தெரியக்கூடாது. நிறம் தெரியாதவனை வரைபடப் பிரிவில் யார் வைத்துக்கொள்வார்கள்?

அந்தப் பயத்தோடேயே வேலையைக் கற்றுக்கொண்டான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அந்த எண்களை மனப்பாடம் செய்தான். எண்ணைப் போட்டால் நிறம் வந்துவிடும், கண் தேவையில்லை. ஆனாலும் மனசு கேட்காது. முடித்த படத்தைப் போனில் அக்காவுக்கு அனுப்பி, "மேல என்ன கலர், நடுவுல என்ன கலர்?" என்று கேட்பான். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சொல்வாள். பக்கத்து மெஷின்காரி, "என்னக்கா, தம்பிக்குப் பொண்ணு பாக்குறீங்களா, கலர் கலர்னு?" என்று கிண்டல் செய்வாள். அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள்.

அந்த வருடம் கோடை தொடங்கும் முன்பே குழாய்த் தண்ணீரில் நாற்றம் வந்தது. நகராட்சி எல்லா வார்டுகளிலும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தது. சில வார்டுகளில் நூறு குழாய்க்கு ஏழெட்டு கெட்டிருந்தன. சிலவற்றில் பாதி. குழாய் மாற்ற மாதங்கள் ஆகும், அதுவரை கெட்ட வார்டுக்காரர்கள் தண்ணீரைக் காய்ச்சியாவது குடிக்கட்டும் என்று, வார்டு வார்டாக ஒட்ட ஒரு வரைபடம் போடச் சொன்னார்கள். மேலே பெரிய எழுத்தில், 'உங்கள் வார்டின் நிறத்தைப் பாருங்கள்.' பச்சையில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்பு வரை ஐந்து நிறங்கள். சிக்னல் விளக்கு மாதிரி இருந்தால் பாமரருக்கும் புரியும் என்பது மேலதிகாரிகள் எடுத்த முடிவு.

தம்பி எண்களைப் போட்டுப் படத்தை முடித்தான். அக்காவும் பார்த்துச் சரி என்றாள். அவர்களுடைய வார்டு பழைய மில்லைச் சுற்றிய நெருக்கமான வார்டு. வரைபடத்தில் நகக்கண் அளவுதான், ஆனால் அடர் சிவப்பு. "நம்ம வார்டுதான் ஊர்லயே மோசம். காய்ச்சாம ஒரு மடக்குகூடக் குடிக்காதே," என்று அன்றைக்கே சொன்னான்.

படத்தை அனுப்ப வேண்டிய நாளில், பிரிவின் தலைவியான மேடம் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். படத்தின் ஓரத்தில் எந்த நிறத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. அதில் நல்ல வார்டுகள் மேலே, கெட்டவை கீழே இருந்தன. "மோசமானதுதான் முதல்ல கண்ணுல படணும். கட்டத்தைத் தலைகீழா மாத்திடுங்க," என்றார். அவன் வரிசையைத் திருப்பினான். வரிசை திரும்பியது. நிறங்கள் கூடவே திரும்பவில்லை, இருந்த இடத்திலேயே நின்றன. மேல் வரியில் முன்பிருந்த பச்சை இப்போது மிக மோசமான வார்டுகளுக்குப் போய்விட்டது. கீழ் வரியில் இருந்த சிவப்பு நல்ல வார்டுகளுக்கு. திரையில் அவனுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் முன்பு எப்படி ஒரே மண் நிறமாகத் தெரிந்தனவோ, அப்படியே தெரிந்தன. அக்காவுக்கு அனுப்பலாம் என்றால் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்கிறார். ஆபீஸ் பிரிண்டரில் கலர் மை இல்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்த தாளில் மேடம் கையெழுத்துப் போட்டார். படம் நேராக அச்சகத்துக்குப் போனது.

அக்கா அந்தச் சுவரொட்டியை வேலை முடிந்து வரும் வழியில் பார்த்தாள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, தம்பி போட்ட படம் தெருவுக்கே வந்துவிட்டதே என்று. கிட்டப் போய் நகக்கண் அளவு வார்டைத் தேடினாள். பச்சை. நல்ல இளம் புல்லின் பச்சை.

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் குழந்தையோடு அங்கேதான் நின்றிருந்தாள். "பாத்தீங்களா அக்கா? நம்ம வார்டு பச்சை. நேத்தே பாத்துட்டேன். நகராட்சி புண்ணியத்துல இனிமே கேஸ் மிச்சம்."

"நேத்துலேர்ந்து காய்ச்சலையா நீ?"

"எதுக்குக் காய்ச்சணும்? அதான் பச்சை போட்டிருக்காங்களே."

"காய்ச்சு. இப்பவே போய்க் காய்ச்சு," என்றாள் அக்கா. அவள் குரலைக் கேட்டு எதிர்வீட்டுக்காரியின் சிரிப்பு அடங்கிவிட்டது. குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்ததை அக்கா அப்போதுதான் கவனித்தாள். "என்ன ஆச்சு இவளுக்கு?"

"காலையிலேர்ந்து வயித்தால போகுது. பல்லு முளைக்குதுன்னு நினைச்சேன்."

அக்கா பசை சரியாகப் பிடிக்காத அந்தச் சுவரொட்டியை ஓரத்தில் பிடித்து மெதுவாக உரித்தாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். தம்பி அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"நம்ம வார்டு என்ன கலர்டா?"

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, சின்ன வயதில் நூல்கண்டைப் பார்க்காமல் பார்த்த மாதிரி, அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதிலேயே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

எதிர்வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், இவர்களுடைய அம்மா துணைக்கு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். தம்பி படுக்கவில்லை. மறுநாள் காலை சட்டை மாட்டும்போது, "நிரந்தரம் பண்றவங்க பட்டியல் இந்த வாரம் போகுதுக்கா. என் பேரு இருக்கு," என்றான்.

"நானும் வரேன்," என்றாள் அக்கா. அரை நாள் லீவு சொல்லி, சுவரொட்டியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மேடத்தின் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. கதவுக்குப் பதில் பாதிவரை தடுப்பு. உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும். தம்பி சுவரொட்டியை விரிக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும், கலர் மாறிப்போச்சு," என்றார் மேடம். "ஆனா இருங்க. ஓரத்துல கட்டத்தைப் பாருங்க. பச்சை, நூத்துக்கு நாப்பதுக்கு மேல. சிவப்பு, பத்துக்குக் கீழ. படத்துலயும் அப்படித்தான் இருக்கு. கணக்குப்படி தப்பே இல்லையே."

"கணக்குப்படி தப்பில்ல மேடம்."

"யாரோ கவனிச்சுட்டாங்க போல, காலையிலயே மேலேர்ந்து போன் வந்துச்சு. கட்டத்துல தெளிவாப் போட்டிருக்கோம், ஜனங்க படிக்காமப் பாத்தா நாம என்ன பண்றதுன்னு பதில் எழுதிடலாம்னு சொல்றாங்க. புதுசா ஒண்ணு ஒட்டிட்டா முடிஞ்சுது. உங்க பேரு எங்கயும் வராது."

அக்காவுக்கு 'சரின்னு சொல்லுடா' என்று ஒரு மனசு. எதிர்வீட்டுக் குழந்தையின் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்த இன்னொரு மனசு வாயை மூடிக்கொண்டிருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், யாரும் கட்டத்தைப் படிக்க மாட்டாங்க," என்றான் தம்பி. "நாமதான் மேல 'நிறத்தைப் பாருங்கள்'னு எழுதினோம். பாத்தாங்க. பச்சைன்னா பயமில்லைன்னு பொறந்ததுலேர்ந்து பழகினவங்க. எங்க எதிர்வீட்டுல காய்ச்சுறதை நிறுத்திட்டாங்க, குழந்தை ஆஸ்பத்திரில இருக்கு. அவங்க படிக்காததால வந்த தப்பு இல்ல இது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் மேடம். சின்ன வயசுலேர்ந்து. வேலைக்குச் சேரும்போது சொல்லல."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. மேடம் வெளியே வந்து அக்காவைப் பார்த்தார். "நீங்க?"

"அவனோட அக்கா. இத்தனை நாளும் அவனுக்குக் கலர் பாத்துச் சொன்னது நான்தான்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நகராட்சி உங்களுக்கும் சம்பளம் குடுத்திருக்கணும்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் குரலில் கோபமும் இல்லை. "உள்ள வாங்க. உக்காருங்க."

அன்று காலையே எல்லாச் சுவரொட்டியையும் கிழிக்க ஆள் அனுப்பினார்கள். வார்டு வார்டாக ஒலிபெருக்கி வைத்த வண்டியும் போனது. மேலிடத்துக்கு மேடம் உள்ளதை உள்ளபடி எழுதினார், கறுப்பு வெள்ளைத் தாளில் தாம் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. "உங்களை இந்த நாற்காலிலேர்ந்து நான் எழுப்ப மாட்டேன்," என்று தம்பியிடம் சொன்னார். "இனிமே கலரை இன்னொருத்தர் பாக்காம படம் வெளியே போகாது, அவ்வளவுதான். ஆனா பட்டியல் என் கையில இல்ல." அந்த வருடப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த வருடமும் வரவில்லை.

புதுப் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. அதே சிக்னல் நிறங்களைச் சரியான இடத்தில் போட்டால் போதும் என்றார்கள் சிலர். தம்பி கேட்டான், "பச்சை வார்டுலயும் நூத்துக்கு ஏழு குழாய் கெட்டிருக்கே. அவங்களும் காய்ச்ச மாட்டாங்களே?" ஒரே நிறத்தை இளசிலிருந்து அடர்த்தி வரை கொண்டுபோகலாம் என்றான். இளசு எது, அடர்த்தி எது என்பதில் அவன் கண் ஒருநாளும் ஏமாந்ததில்லை. நிறம் தெரியாதவனுக்கும் புரியும், கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் புரியும்.

மேடம் நீலத்தில் ஒரு மாதிரி போடச் சொன்னார். "ஆபீஸ்ல உக்காந்து நாமே பாத்து நாமே தலையாட்டினது போதும். நாலு பேர்கிட்ட காட்டிட்டு வாங்க," என்று தாள்களை அக்காவிடமே கொடுத்தார்.

அக்கா அவற்றைத் தையல் கம்பெனிக்குக் கொண்டு போனாள். டீ நேரத்தில் துணி வெட்டும் மேசையில் பரப்பினாள். "எந்த வார்டுல தண்ணி மோசம்? பட்டுன்னு சொல்லணும்."

பக்கத்து மெஷின்காரி நீலப் படத்தில் இளசாக இருந்த வார்டைத் தொட்டாள். "இது. இங்க தண்ணியே இல்ல போல, வெளுத்துக் கிடக்கு. நல்லா நீலமா இருக்குற இடத்துல தண்ணி சுத்தம்."

"அப்படியே தலைகீழ்டி இது," என்றாள் அக்கா. 

"அப்ப எதுக்கு நீலம் அடிக்கிறாங்க? தண்ணின்னா நீலம்தானே நல்லது?"

பொத்தான் தைப்பவள் நகரின் விளிம்பில் இருந்த பெரிய வார்டில் உள்ளங்கையை வைத்தாள். "இங்கதான் ஊரே கெட்டுக் கிடக்கு. எவ்வளவு பெருசு பாரு."

"அங்க வெறும் காடுடி. வீட்டை விரல் விட்டு எண்ணிடலாம்," என்றாள் அக்கா.

"நான் என்ன வீட்டையா கண்டேன்? படத்துல பெருசாத்தானே இருக்கு."

"நம்ம வார்டு எங்க?" என்று ஒருத்தி தேடினாள். கண்டுபிடிக்க மூக்கு தாளில் முட்ட வேண்டியிருந்தது. "அட, இந்தப் பொட்டா? இதுக்குள்ளயா நாம இத்தனை பேரும் அடிச்சுக்கிட்டுக் கிடக்கோம்?"

மேசையே சிரித்தது. அக்கா ஒவ்வொருத்தி சொன்னதையும் மனதில் வாங்கிக்கொண்டு வந்து தம்பியிடம் ஒப்பித்தாள், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அவன் நீலத்தைக் கைவிட்டான். நெருக்கமான வார்டுகளைத் தனியாகப் பெரிதாக்கி ஒரு மூலையில் வைத்தான். ஒவ்வொரு வார்டுக்குள்ளும் நூற்றுக்கு எத்தனை குழாய் என்று எண்ணையே போட்டான். எந்த வார்டையும் வெள்ளையாக விடவில்லை. மேலே எழுதியிருந்ததையும் மாற்றினான். 'எல்லா வார்டிலும் காய்ச்சிக் குடியுங்கள். அடர்ந்த நிறம், அதிக ஆபத்து.'

நிறத்துக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். சிவப்பு வேண்டாம், பச்சை வேண்டாம், நீலம் வேண்டாம். அவன் அக்காவிடம் கேட்டான், "கலங்கின தண்ணி உங்களுக்கெல்லாம் என்ன கலர்ல தெரியும்?"

"பழுப்பு. மண்ணு மாதிரி."

"எனக்கும் அதுதான் தெரியும்," என்றான். அவனுக்குச் சிவப்பும் அந்த மண்தான், பச்சையும் அந்த மண்தான். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த அந்த நிறத்தை, இளம் பழுப்பில் தொடங்கி அடர் பழுப்பு வரை ஐந்து படியாகப் பிரித்தான். அந்தப் படத்தைத் தையல் கம்பெனி மேசையில் பரப்பியபோது யாரும் கட்டத்தைத் தேடவில்லை. பொத்தான் தைப்பவள் பெரிதாக்கிய மூலையில் விரலை வைத்து, "நம்ம வார்டுதான் நாத்தம்," என்றாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி குழந்தையோடு திரும்பி வந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது, ஆனால் தண்ணீர் காணாத பூச்செடி மாதிரி வாடிக் கிடந்தது. தம்பி அவள் வாசலுக்குப் போய் நின்றான். கூட அக்காவும். நடந்ததை அவனே சொன்னான், கண்ணைப் பற்றியும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை.

"அந்தப் படத்துல எந்த இடத்துலயும் ஒரு பேரு இல்ல," என்றாள். "ஆஸ்பத்திரில உக்காந்து யோசிச்சேன். யாரைப் போய்க் கேக்குறதுன்னு தெரியல. நகராட்சின்னு போட்டிருக்கு. நகராட்சின்னா யாரு? சுவரையா போய்க் கேக்க முடியும்?"

தம்பி தலையாட்டிவிட்டு வந்தான்.

அந்த ஆபீஸில் அதுவரை வரைந்தவர் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை. கீழே 'புள்ளிவிவரப் பிரிவு' என்று மட்டும் இருக்கும். சம்பளச் சீட்டிலும் வருகைப் பதிவிலும் அவன் போட்டதெல்லாம் முதல் எழுத்தும் ஒரு கிறுக்கலும். புதுப் படம் அச்சுக்குப் போகிற அன்று, கீழ் மூலையில் ஒரு கோடு போட்டு, 'வரைந்தவர்' என்று சேர்த்திருந்தான். மேடம் பார்த்தார்.

"இன்னொரு தடவை தப்பு வந்தா நேரா உங்க வீட்டுக்கே வந்துடுவாங்க, தெரியுமில்ல?"

"வரட்டும் மேடம். அதுக்குத்தான்."

நிறத்தைச் சரிபார்க்க அன்று அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து படியையும் ஒன்றொன்றாய்த் தொட்டு, சரி என்றாள். மேடம் தம் பச்சை மைப் பேனாவை நீட்டினார். தம்பி வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தான். அக்கா மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். கிறுக்கவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, யார் படித்தாலும் புரிகிற மாதிரி, முழுசாக எழுதினான். பக்கத்தில் தேதியையும் எழுதினான்.

11 மார்ச் 2016, வெள்ளிக்கிழமை.